இடம் நிரம்பும் நாளுக்கான மென்பொருள்: வலைத்தளக் காப்புப்பிரதிக்கு ரெஸ்டிக், ஒரு மதிப்பீடு

தானியங்கிக் காப்புப்பிரதி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, அதை எவ்வளவு விரைவாக நிறுவிவிடலாம் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது, ஒதுக்கிய இடம் நிரம்பிய நாளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை. வலைத்தளத்தின் காப்புப்பிரதி நாளுக்கு நாள் வளரக்கூடியது; அதை வைக்கும் இடத்துக்கோ எப்போதும் ஓர் எல்லை உண்டு. ரெஸ்டிக் என்ற கட்டற்ற மென்பொருளை ஆறு வலைத்தளங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். இடத்தை நிர்வகிப்பதில் அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே நம் கவனத்தை எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இதற்கு நான் மாறியதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தளங்களில் ஒன்றில், தளத்தை நடத்தும் மென்பொருளோடு இணைந்து இயங்கும் ஒரு செருகுநிரல் ஒவ்வோர் இரவும் முழுத் தளத்தையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, அதே சர்வரின் ஒரு கோப்புறையில் வைத்துவந்தது. கடைசிப் பத்துப் பிரதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும்படி அமைத்திருந்தேன். படங்கள் பெருகப் பெருக ஒவ்வொரு ஜிப்பும் பெருத்தது. ஓர் இரவு, பதினோராவது ஜிப் பாதி எழுதப்பட்டிருந்தபோது வட்டு நிரம்பிவிட்டது. பழைய பிரதியை நீக்கும் வேலை புதிய பிரதி முழுமையாக முடிந்த பிறகே தொடங்கும் என்பதால் எதுவும் நீங்கவில்லை. வட்டில் இடமில்லாததால் தரவுத்தளம் எழுத முடியாமல் நின்றது. விடியும்போது தளமே திறக்கவில்லை. கையால் இரண்டு ஜிப் கோப்புகளை அழித்த பிறகுதான் அது மீண்டும் உயிர்பெற்றது. ஒரே வட்டில் தளத்தையும் அதன் காப்பையும் வைத்தது என் தவறு. ஆனால் மாறாத படங்களையே ஒவ்வோர் இரவும் திரும்பத் திரும்பச் சேமித்தது அந்த முறையின் அடிப்படைக் குறை. அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் போதாது.

ரெஸ்டிக் இந்தக் குறையை வேரிலேயே கையாள்கிறது. அது ஒவ்வொரு கோப்பையும் உள்ளடக்கத்தைப் பொறுத்துத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு 512 கிலோபைட் முதல் 8 மெகாபைட் வரை இருக்கலாம், சராசரி ஏறத்தாழ 1 மெகாபைட். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஓர் அடையாளம் கணக்கிடப்படுகிறது. அதே அடையாளமுள்ள துண்டு, பிரதிகள் எல்லாம் சேரும் இடமான களஞ்சியத்தில் ஏற்கெனவே இருந்தால் அது மறுபடி எழுதப்படுவதில்லை. எழுதப்படுவதெல்லாம் சர்வரை விட்டு வெளியேறும் முன்பே ஏஇஎஸ்-256 முறையில் மறைகுறியாக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை எடுக்கும் பிரதிக்கும் ஸ்நாப்ஷாட் என்று பெயர். ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் தனித்து நிற்கும் முழுப் பிரதியாகவே நமக்குத் தெரியும். முதலில் ஒரு முழுப் பிரதி, பின்னர் அதன்மீது அடுக்கடுக்காக மாற்றங்கள் என்று சங்கிலி போல் கோக்கும் பழைய முறைகளில் நடுக்கண்ணி ஒன்று பழுதானால் அதற்குப் பின் வந்தவை அனைத்தும் பயனற்றுப் போகும். பழைய முழுப் பிரதியை நீக்கவும் முடியாது. ரெஸ்டிக்கில் எந்த ஸ்நாப்ஷாட்டையும் எந்த வரிசையிலும் நீக்கலாம். எஞ்சியவற்றுக்குத் தேவையான துண்டுகள் அப்படியே இருக்கும்.

இதன் பலனை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். தளத்தின் அளவு 12 ஜிபி, ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேர்வது 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள்களுக்கு முழு ஜிப்புகளை வைத்திருந்தால் 360 ஜிபிக்கும் மேல் வேண்டும். ரெஸ்டிக்குக்கு முதல் நாளில் 12 ஜிபி, அடுத்த இருபத்தொன்பது நாள்களுக்கும் சேர்த்து 1,160 எம்பி. மொத்தம் 13 ஜிபியைச் சற்றே தாண்டும். படங்களும் ஒளிப்பதிவுகளும் ஒருமுறை ஏற்றப்பட்டபின் பெரும்பாலும் மாறாமலேயே கிடப்பதால், வலைத்தளத்துக்கு இந்த முறை மற்ற எதையும்விட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இந்தப் பலன் தானாக வந்துவிடாது. நம் பழைய பழக்கங்கள் அதைக் கெடுத்துவிடக்கூடும். தரவுத்தளத்தை ஒரே கோப்பாக இறக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி கொண்டு எடுத்து, உடனே ஜிசிப் என்ற சுருக்கும் கருவி மூலம் சுருக்கி, அந்தச் சுருக்கிய கோப்பைக் காப்புக்கு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். சுருக்கப்பட்ட கோப்பில், மூலத்தின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த இடத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய எல்லா பைட்டுகளும் வேறாகிவிடும். எனவே ரெஸ்டிக்கின் கண்ணுக்கு அது முற்றிலும் புதிய கோப்பு. ஒவ்வோர் இரவும் முழு அளவும் மறுபடி சேரும். சுருக்காமல் அனுப்புவதே சரியான வழி. 2022 ஆகஸ்டில் வெளியான 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக் தானே இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்குகிறது. துண்டுகளாக வெட்டி, முன்பே இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுருக்குவதால் இரண்டு நன்மைகளும் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பில் தொடங்கிய களஞ்சியம் வைத்திருப்பவர்கள் மைக்ரேட் கட்டளையால் அதை இரண்டாம் வடிவத்துக்கு உயர்த்தினால்தான் சுருக்கம் கிடைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏதேனும் காரணத்தால் ஜிசிப்பைக் கைவிட முடியாதவர்கள், ஜிசிப்பின் ஆர்சிங்கபிள் என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் சிறிய மாற்றம் கோப்பு முழுவதும் பரவாமல் ஓரளவு கட்டுப்படும்.

துண்டு வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிப்பதால், தரவுத்தளக் கோப்பின் நடுவில் பத்து வரிகள் நுழைந்தாலும் அதற்குப் பின்னுள்ள துண்டுகள் பெரும்பாலும் பழைய எல்லைகளிலேயே வெட்டப்படுகின்றன. நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு துண்டுகளே புதிதாகின்றன. இருப்பினும் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு பதிவின் பார்வை எண்ணிக்கையையும் அந்தந்த வரியிலேயே எழுதிவைக்கும் தளமாக இருந்தால், மாற்றங்கள் அட்டவணை முழுவதும் தூவினாற்போல் பரந்திருக்கும். ஒரு மெகாபைட்டுக்கு ஒரு மாற்றம் இருந்தாலே போதும், அந்தத் துண்டு புதியதாகிவிடும். என் தளங்களில் ஒன்றின் தரவுத்தளம் இப்படித்தான் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ முழுமையாகப் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தது; எண்ணிக்கைகளைத் தனி அட்டவணைக்கு மாற்றி, அந்த அட்டவணையைத் தனியாக எடுக்கத் தொடங்கிய பிறகே அது அடங்கியது. ஒவ்வொரு காப்பின் முடிவிலும் களஞ்சியத்தில் எவ்வளவு சேர்ந்தது, சுருக்கிய பின் உண்மையில் எவ்வளவு எழுதப்பட்டது என்று ரெஸ்டிக் ஒரு வரியில் சொல்கிறது. அந்த வரியைத் தினமும் ஒரு கோப்பில் சேமித்துவைத்துப் பார்த்ததால்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

விலக்க வேண்டியவற்றை விலக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தற்காலிகச் சேமிப்புக் கோப்புறை, பதிவேட்டுக் கோப்புகள், அமர்வுக் கோப்புகள் ஆகியவற்றை எக்ஸ்க்ளூட் விருப்பத்தில் குறிப்பிட்டால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பழைய செருகுநிரல் ஏதேனும் தன் ஜிப்புகளைத் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தால், காப்புக்குள் காப்பாக அவையும் சேர்ந்துகொள்ளும், ஜிப்புகள் சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றில் பொதுவான துண்டுகள் கிடைப்பதும் அரிது. நிறுவும் நாளிலேயே அந்தக் கோப்புறையைத் தேடிப் பார்த்து விலக்கிவிடுவது நல்லது.

இனி, இட வரம்பைப் பொறுத்தவரை மிக முக்கியமானது என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். பழைய பிரதிகளில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்பதை ஃபர்கெட் என்ற கட்டளை தீர்மானிக்கிறது. நான் வைத்திருக்கும் விதி, நாளுக்கு ஒன்றாக ஏழு, வாரத்துக்கு ஒன்றாக ஐந்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு. ஒரே ஸ்நாப்ஷாட் நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கில் வரக்கூடும் என்பதால் மொத்தம் எப்போதும் இருபத்தாறைத் தாண்டாது. கடைசி முப்பது நாள்கள் என்று மட்டும் வைத்திருக்கும் ஏற்பாட்டில், இரண்டு மாதங்களுக்கு முன் தளத்துக்குள் ஒளிந்து நுழைந்த தீங்கான நிரலை இன்று கண்டுபிடித்தால், கைவசம் உள்ள முப்பது பிரதிகளிலும் அந்த நிரல் இருக்கும். இந்தப் படிநிலை விதியில் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்குள் பின்னோக்கிச் செல்ல முடிகிறது.

ஃபர்கெட் நாள்களை எண்ணும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏழு நாள்களுக்கு வை என்று சொன்னால், நாள்காட்டியில் கடந்த ஏழு நாள்கள் என்று அது பொருள்கொள்வதில்லை. ஸ்நாப்ஷாட் உள்ள கடைசி ஏழு நாள்கள் என்று பொருள்கொள்கிறது. கால அளவைக் குறிப்பிடும் கீப்-விதின் விருப்பமும் இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணாமல், கடைசி ஸ்நாப்ஷாட்டின் தேதியிலிருந்துதான் எண்ணுகிறது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் முப்பது நாள்களுக்கு மேற்பட்ட கோப்புகளை அழி என்று ஒரு வரியில் எழுதிவைக்கும் வழக்கமான ஸ்கிரிப்டை எண்ணிப் பாருங்கள். ஏதோ காரணத்தால் புதிய காப்பு எடுப்பது நின்றுபோய், அழிக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் நாள் தவறாமல் ஓடினால், முப்பத்தோராவது நாளில் ஒரு பிரதிகூட மிஞ்சாது. ரெஸ்டிக்கில் காப்பு மூன்று மாதம் நின்றுபோயிருந்தாலும், ஃபர்கெட் எத்தனை முறை ஓடினாலும், இருக்கும் பிரதிகள் இருந்தபடியே இருக்கும். இடத்தைச் சேமிக்கும் விதி, காப்பையே அழித்துவிடாதபடி இப்படிச் சிந்தித்து வடிவமைத்தவர்களுக்கு நான் நன்றியுடையவன்.

ஆனால் இதே கட்டளையில்தான் நான் பெரிய பாடம் ஒன்றைக் கற்க நேர்ந்தது. ஃபர்கெட் தன் விதியை எல்லா ஸ்நாப்ஷாட்டுகளுக்கும் மொத்தமாகப் பொருத்துவதில்லை. சர்வரின் பெயரும் காப்பெடுத்த கோப்புறைப் பாதைகளும் ஒன்றாக உள்ளவற்றை ஒரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே பொருத்துகிறது. என் ஸ்கிரிப்ட் ஒவ்வோர் இரவும் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி, தரவுத்தளத்தை அதில் இறக்கி, அங்கிருந்து காப்பெடுத்தது. பாதை ஒவ்வொரு நாளும் வேறு என்பதால் ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் ஒரு தனிக் குழுவாயிற்று. ஒரே உறுப்பினரைக் கொண்ட குழுவில் நீக்குவதற்கு என்ன இருக்கிறது? ஃபர்கெட் தினமும் பிழையின்றி ஓடியது. நான்கு மாதங்களில் ஒன்றைக்கூட நீக்கவில்லை. களஞ்சியம் ஏன் சுருங்கவே இல்லை என்று தேடியபோதுதான் இது புரிந்தது. பாதையை என்றும் மாறாததாக வைப்பதே இதற்குச் சரியான தீர்வு. முடியாதபோது குரூப்-பை விருப்பத்தில் சர்வரின் பெயரை மட்டும் கொடுக்கலாம். சர்வரை மாற்றும்போதும் இதே சிக்கல் எழும்: புதிய சர்வரின் பெயர் வேறாக இருந்தால், பழைய பெயரில் உள்ள ஸ்நாப்ஷாட்டுகள் தனிக் குழுவாக உறைந்து, யாரும் கைவைக்கும் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். காப்பெடுக்கும்போது ஹோஸ்ட் விருப்பத்தில் தளத்தின் பெயரை நிலையாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

விதியை எழுதியவுடன் அதை டிரை-ரன் விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி புதிதாகத் தொடங்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். எந்த ஸ்நாப்ஷாட் எந்தக் காரணத்துக்காக வைக்கப்படுகிறது, எவை நீக்கப்படும் என்பதைக் குழுவாரியாக அட்டவணை போட்டுக் காட்டும், எதையும் தொடாது. நான் இதை முதல் நாளே செய்திருந்தால், ஒரே ஒரு வரியைக் கொண்ட அட்டவணைகள் பல வந்து நிற்பதை அப்போதே கண்டிருப்பேன்.

ஃபர்கெட் ஸ்நாப்ஷாட்டின் பதிவை மட்டுமே நீக்குகிறது. இடம் அதனால் திரும்பக் கிடைப்பதில்லை. யாருக்கும் தேவைப்படாத துண்டுகளைக் கண்டறிந்து உண்மையில் அழிப்பது புரூன் என்ற வேறொரு கட்டளை. துண்டுகள் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல், இயல்பாக 16 மெகாபைட் அளவுள்ள பொதிகளாகக் கட்டப்பட்டுள்ளன. ஒரு பொதியில் பாதி தேவையானது, பாதி தேவையற்றது என்றிருந்தால், புரூன் தேவையானதை எடுத்துப் புதிய பொதியில் எழுதி, அதன் பிறகே பழைய பொதியை அழிக்கிறது. பாதுகாப்புக்கு இதுவே சரியான வரிசை. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், இடத்தை விடுவிக்கும் வேலைக்கே முதலில் கொஞ்சம் இடம் வேண்டும். களஞ்சியம் தொலைவில் இருந்தால் பொதிகளைப் பதிவிறக்கி மறுபடி ஏற்றவும் வேண்டும். பதிவிறக்கத்துக்கு அளவு வைத்திருக்கும் சேவைகளில் அதுவும் கணக்கில் வரும்.

எனவேதான் மேக்ஸ்-அன்யூஸ்ட் என்ற விருப்பத்தைப் புரிந்துகொள்வது அவசியமாகிறது. களஞ்சியத்தில் ஐந்து விழுக்காடு வரை பயனற்ற துண்டுகள் இருந்தால் இருக்கட்டும் என்று புரூன் இயல்பாகவே விட்டுவிடுகிறது. அந்த ஐந்து விழுக்காட்டையும் பிடுங்க முயன்றால் மறுகட்டும் வேலை மிகுதியாகும். பத்தாக உயர்த்தினால் வேலை குறைந்து இடம் சற்றுக் கூடும். சொந்த வட்டில் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் இயல்பான அளவையே வைத்துக்கொள்ளலாம். தொலைவில் வைத்திருப்பவர்கள் உயர்த்திக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். இடம் ஏற்கெனவே நெருக்கடியாகிவிட்டால், மேக்ஸ்-ரீபேக்-சைஸ் விருப்பத்தைச் சுழியாகக் கொடுத்து ஓட்டலாம். அப்போது புரூன் எதையும் மறுகட்டாமல், முற்றிலும் பயனற்றுப்போன பொதிகளை மட்டும் அழிக்கும். அதுவும் முடியாத அளவுக்கு ஒரு பைட்கூட மிச்சமின்றி நிரம்பிவிட்டவர்களுக்கு ஒரு மீட்பு விருப்பமும் உண்டு. ஆனால் அதன் பெயரிலேயே அன்சேஃப் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது, அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலைக்குப் போகாமலிருக்க, களஞ்சியம் உள்ள வட்டில் 2 ஜிபி அளவுள்ள வெற்று நிரப்புக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறேன். என்றேனும் வட்டு முழுவதும் நிரம்பினால் அதை அழித்து, கிடைக்கும் இடத்தில் புரூனை ஓட்டிக்கொள்ளலாம்.

புரூன் ஓடும்போது களஞ்சியம் முழுவதும் பூட்டப்படுகிறது. அந்நேரத்தில் புதிய காப்பு எடுக்க முடியாது. பல தளங்கள் ஒரே களஞ்சியத்தைப் பயன்படுத்தினால், தளங்களுக்கிடையே பொதுவான கோப்புகள் ஒரே முறை சேமிக்கப்படும் நன்மை உண்டு. அதே வேளையில் ஒரு தளத்துக்காக ஓடும் புரூன் மற்றவற்றின் காப்பைத் தடுத்துவிடும். ரீட்ரை-லாக் விருப்பத்தில் காத்திருக்கும் நேரத்தைக் கொடுத்தால் இது பெரும்பாலும் தீரும். நான் காப்பையும் ஃபர்கெட்டையும் தினமும், புரூனை வாரம் ஒருமுறையும், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக ஓட்டுகிறேன்.

இனி இந்த மென்பொருளின் மிகப் பெரிய குறை. இத்தனை ஜிபிக்கு மேல் போகாதே என்று ரெஸ்டிக்கிடம் சொல்ல வழியில்லை. பிரதிகளின் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் விதி எழுதலாம். மொத்த அளவுக்கு எழுத முடியாது. அளவை நெருங்கும்போது எச்சரிக்கையும் வராது; இடம் தீர்ந்த பிறகு எழுத முடியவில்லை என்ற பிழைச்செய்தி மட்டுமே வரும். களஞ்சியத்தை வேறொரு சர்வரில் வைக்க ரெஸ்டிக் குழுவினரே வெளியிடும் ரெஸ்ட்-சர்வர் என்ற துணை மென்பொருளில் களஞ்சியத்துக்கு உச்ச அளவு குறிக்க மேக்ஸ்-சைஸ் என்ற விருப்பம் உள்ளது. ஆனால் அது எல்லையில் நின்று தடுக்குமே தவிர, பழையதை நீக்கி இடம் செய்து கொடுக்காது. போர்க்பேக்கப் என்ற இணையான மென்பொருளில் களஞ்சியத்தின் அளவுக்கு வரம்பு வைக்கவும், அவசரத்துக்கென்று கொஞ்சம் இடத்தை ஒதுக்கிவைக்கவும் அமைப்புகள் உள்ளன. இந்த ஒரு விஷயத்தில் அது ரெஸ்டிக்கை விஞ்சி நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபுறம், தொலைதூரச் சர்வரில் நன்றாக இயங்க போர்க் அங்கேயும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ரெஸ்டிக்கோ அமேசானின் எஸ்3 வகை இணையச் சேமிப்பிடங்களுக்கும், எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறையில் இயங்கும் சர்வர்களுக்கும் நேரடியாகவே எழுதும்.

இந்தக் குறையை ஈடுசெய்ய நான் செய்திருப்பது எளிய ஏற்பாடுதான். ஸ்டாட்ஸ் கட்டளையை ரா-டேட்டா முறையில் ஓட்டினால், ஸ்நாப்ஷாட்டுகள் பயன்படுத்தும் தரவு களஞ்சியத்தில் உண்மையில் பிடிக்கும் அளவு கிடைக்கும். முறையைக் குறிப்பிடாமல் ஓட்டினால் கிடைப்பது மீட்டெடுக்கும்போது ஆகும் அளவு; அதைப் பார்த்துக் களஞ்சியம் நிரம்பிவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. கிடைக்கும் அளவு என் வரம்பில் எழுபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். தொண்ணூறைத் தாண்டினால் வாரப் புரூனுக்குக் காத்திராமல் அன்றே அதை ஓட்டும். எந்த நிலையிலும் விதியைத் தானாகக் கடுமையாக்கிப் பிரதிகளைக் குறைக்கும் அதிகாரத்தை ஸ்கிரிப்டுக்கு நான் தரவில்லை. இடம் ஏன் திடீரென்று கூடியது என்று பார்க்காமல் பழைய பிரதிகளை விட்டுவிடுவது ஆபத்து. தளத்தின் கோப்புகளை யாரேனும் மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டால், எல்லாக் கோப்புகளும் புதியவையாகிக் களஞ்சியம் ஒரே இரவில் இரட்டிப்பாகும். அந்த நேரத்தில் நமக்குத் தேவைப்படுபவை பழைய பிரதிகள்தான்.

எஸ்3 வகைச் சேமிப்பிடத்தில் களஞ்சியம் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பழைய பதிப்புகளைத் தக்கவைக்கும் வெர்ஷனிங் வசதி இயக்கப்பட்டிருந்தால், புரூன் அழிக்கும் ஒவ்வொரு பொதியும் கண்ணுக்குத் தெரியாத பழைய பதிப்பாக அங்கேயே தங்கிவிடும். ரெஸ்டிக் காட்டும் அளவு குறையும், சேவையின் கணக்கில் உள்ள அளவு குறையாது. நடப்பில் இல்லாத பதிப்புகளை இத்தனை நாள்களுக்குப் பிறகு அழி என்று சேமிப்பிடத்திலேயே ஒரு விதி எழுதினால்தான் இது சரியாகும். பெரிய கோப்பைப் பகுதி பகுதியாக ஏற்றும் பல்பகுதிப் பதிவேற்றங்களில் பாதியில் அறுந்துபோனவையும் இப்படியே மறைவாக இடம் பிடிக்கும். அவற்றுக்கும் ஒரு விதி வேண்டும். மேலும் சில சேமிப்பு வகுப்புகளுக்குக் குறைந்தபட்ச வைப்புக் காலம் உண்டு. எஸ்3 சேவையின் அரிதாக அணுகும் வகுப்பில் 30 நாள், கிளேசியர் உடனடி மீட்பு வகுப்பில் 90 நாள். அதற்குள் அழித்தாலும் அந்தக் காலம் முழுவதற்கும் கணக்கு ஓடும். வாரந்தோறும் பொதிகளை மறுகட்டும் களஞ்சியத்துக்கு இத்தகைய வகுப்புகள் பொருந்தாது.

சர்வருக்குள்ளேயே ரெஸ்டிக் பிடிக்கும் இடத்தையும் மறக்கக்கூடாது. எந்தத் துண்டு எந்தப் பொதியில் உள்ளது என்று குறிக்கும் களஞ்சியத்தின் அட்டவணைகளை அது உள்ளூரில் ஒரு தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. களஞ்சியம் வளர அதுவும் வளரும். அட்டவணை முழுவதும் நினைவகத்தில் ஏற்றப்படுவதால், நினைவகம் குறைந்த சிறிய சர்வர்களில் புரூன் இடையிலேயே கொல்லப்படுவதுண்டு. களஞ்சியத்தை அணுகக்கூடிய வேறொரு கணினியில் புரூனை ஓட்டுவது இதற்கு நல்ல தீர்வு. இன்னொரு நன்மையும் அதில் இருக்கிறது. தள சர்வருக்கு, சேர்க்க மட்டுமே அனுமதிக்கும் முறையில் ரெஸ்ட்-சர்வரை அமைத்துவிட்டு, நீக்கும் உரிமையை அந்த வேறு கணினியிடம் மட்டும் கொடுத்துவிட்டால், தளத்துக்குள் புகுந்தவர் காப்பை அழிக்க முடியாது.

இடம் மிச்சமாகிறது என்ற மகிழ்ச்சியில் பிரதி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடக்கூடாது. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தன் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துக்கொண்டபோது, தினசரிக் காப்பு வெகுநாள்களாகவே தோல்வியடைந்திருந்தது தெரியவந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, அதை இறக்க முயன்ற கருவி 9.2 பதிப்பு, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்த விவரங்களை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. தரவுத்தளத்தை இறக்கும் கட்டளையின் வெளியீட்டை, கோப்பாக்காமல் நேரே குழாய்வழி ரெஸ்டிக்குக்கு அனுப்புபவர்களுக்கும் இதே ஆபத்து இருந்தது: இறக்கும் கட்டளை தோற்றாலும், வந்தது வரை சேமித்து வெற்றி என்றே ரெஸ்டிக் சொல்லிவிடும். 0.17 பதிப்பில் வந்த ஸ்டிடின்-ஃப்ரம்-கமாண்ட் விருப்பம் அந்தக் கட்டளையை ரெஸ்டிக்கே ஓட்டி, அது தோற்றால் ஸ்நாப்ஷாட்டை உருவாக்காமல் நிறுத்திவிடுகிறது. கோப்புகள் சிலவற்றைப் படிக்க முடியாமல் போனால், கட்டளை முடியும்போது தரும் வெளியேறும் குறியீடு 3 என்று வரும். ஸ்நாப்ஷாட் இருக்கும், ஆனால் முழுமையாக இருக்காது. ஸ்கிரிப்டில் சுழியை மட்டுமே வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் செக் கட்டளையை, தரவில் ஐந்து விழுக்காட்டைப் படித்துச் சரிபார்க்கும் விருப்பத்தோடு ஓட்டுகிறேன். ஒரே துண்டை எல்லா ஸ்நாப்ஷாட்டுகளும் பகிர்ந்துகொள்வதால், அந்த ஒரு துண்டு பழுதானால் அது இடம்பெறும் ஒவ்வொரு பிரதியும் குறைபடும். இடச் சிக்கனத்துக்கு நாம் ஏற்கும் விலை அது. எனவே தளங்களில் மிக முக்கியமான இரண்டுக்கு, காப்பி கட்டளையால் வேறோர் இடத்திலும் இரண்டாம் களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், சர்வரில் கட்டளை வரியைப் பயன்படுத்தும் உரிமையும் ஓரளவு பழக்கமும் உள்ளவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரைகலை இடைமுகம் இதனோடு வருவதில்லை. கடவுச்சொல் தொலைந்தால் களஞ்சியத்தைத் திறக்க வேறு வழியே இல்லை. கீ ஆட் கட்டளையால் இரண்டாவது கடவுச்சொல்லைச் சேர்த்து, சர்வருக்கு வெளியே பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே சர்வரைப் பலர் பகிரும் பகிர்வு ஹோஸ்டிங்கில் கட்டளை வரி இல்லாதவர்கள் செருகுநிரல்களையே நம்ப வேண்டியிருக்கும். அவர்கள் படங்களின் கோப்புறையை வாரம் ஒருமுறையும் தரவுத்தளத்தைத் தினமும் தனித்தனிக் கால அட்டவணையில் எடுத்து, வேறோர் இடத்துக்கு அனுப்பும்படி அமைத்துக்கொண்டால் இட நெருக்கடி கணிசமாகக் குறையும். என்னுடைய ஆறு தளங்களும் முன்பு ஒரே தளத்தின் பத்து ஜிப்புகள் பிடித்த இடத்தைவிடக் குறைவான இடத்தில், ஓராண்டுக்கும் மேற்பட்ட பிரதிகளோடு இன்று இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு தளத்தின் படக் கோப்புறை தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய நாள் ஸ்நாப்ஷாட்டிலிருந்து அந்தக் கோப்புறையை மட்டும் இருபது நிமிடங்களுக்குள் திரும்பக் கொண்டுவந்தேன்.